தறிச் சத்தம் சொன்ன இடம்

சூலூரில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கட்டிப்போட்ட நாயை ஒருவன் அடிக்க, இன்னொருவன் சிரித்தபடி படம் பிடித்திருந்தான். அதைப் போட்டவர் எதிர்வீட்டு விசைத்தறிக்காரர். நாயைக் காப்பாற்ற நினைத்து, எல்லோருக்கும் அனுப்பச் சொல்லியிருந்தார்.

பத்திரிகையில் வேலை பார்க்கும் நான், வீடியோவை என் போனில் சேமித்துக்கொண்டு நேரில் போய், குழுவிலிருந்து அதை நீக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, நாலு பேரு பார்த்தாத்தானுங்க அவனப் புடிப்பாங்க?"

"நாலு பேரு பார்க்கோணும்னுதானுங்க எடுத்ததே. பார்க்கப் பார்க்க இன்னும் அடிப்பான். போலீஸ் பார்த்தாப் போதுமுங்க."

"பத்திரிகைக்காரரு பேசற பேச்சா இது!" என்று சிரித்தபடி நீக்கினார். பிறகு என் போனில் ஒலியை மட்டும் கேட்டவர், "பின்னால ஓடறது ரேப்பியர் தறிங்க, நாடா இல்லாம ஓடறது, சத்தமே வேற. இங்க அது ரெண்டே தறிக்கூடத்துலதான் இருக்குது," என்றார்.

வீடியோவை, அவருக்கு அது வந்த எண்ணோடும் நேரத்தோடும் காவல் நிலையத்தில் கொடுத்து, தறிச் சத்தத்தையும் சொன்னோம். அன்று மாலையே போலீஸார் அந்த இரண்டில் இரண்டாவது கூடத்தின் பின்புறம் நாயைக் கண்டார்கள்; உயிரோடு இருந்தது. அடித்தவன் மீது பதிவான வழக்கில் படம் பிடித்தவனையும் சேர்த்தார்கள்.