வேறொருத்தியின் கடனுக்கு அவர் சொன்ன ‘ஆமாம்’

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நடந்தது இது. எங்கள் பகுதி மத்தியஸ்த சபை அங்கேதான் கூடும். சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில் முழங்காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்து பெரியவர்கள் வழக்குப் பேசுவோம்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து நீதிமன்ற எழுதுவினைஞராக மலைநாட்டுக்கு வந்து, பதிவாளராகி, ஓய்வு பெற்று, குளிருக்குப் பழகிப்போனதால் இங்கேயே தங்கிவிட்டவன். என் வீட்டுக்குப் பால் கொண்டுவந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவர், கூரைத் தகரம் வாங்க என்னிடம் நாற்பதாயிரம் ரூபா கடன் வாங்கியிருந்தார். சில மாதங்களில் பாலும் நின்றது, பணமும் நின்றது. நேரே போய்க் கேட்டிருக்கலாம். தோட்டம் இரண்டு மைல்தான். ஆனால் சட்டம் தெரிந்தவன் எதற்கு மலை ஏற வேண்டும்? இந்த அளவுக் கடனுக்கு முதலில் மத்தியஸ்த சபை, அங்கே இணக்கம் வராவிட்டால் ஒரு சான்றிதழ், அதன் பிறகு வழக்கு. எல்லாம் எனக்கு மனப்பாடம். படிவத்தை அழகாக நிரப்பினேன். பெயர், தோட்டம், பிரிவு. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் இலக்கம் தெரியவில்லை, விட்டுவிட்டேன். முகவரி குறைவென்று எத்தனையோ பேரின் மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான்.

எங்கள் முறை வந்தது. எதிரே வந்து உட்கார்ந்தவரை நான் முன்பின் பார்த்ததில்லை. நாற்பது வயதிருக்கும். கொழுந்து பறித்துக் கறை பிடித்த விரல்கள். காதுத் துளைகளில் தோட்டுக்குப் பதிலாக ஈர்க்குத் துண்டுகள். கையில் சபை அனுப்பிய கடிதம். கடன் வாங்கியவர் வெட்கப்பட்டுத் தங்கையை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சபைத் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கண்ணாடியைப் போடுவதற்குள் இந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டார்.

“ஆமாங்கம்மா, நான் குடுக்க வேண்டியதுதாங்க. மாசம் ரெண்டாயிரமா குடுத்துடுறேங்க. இப்ப ஒரு அஞ்சாயிரம் கொண்டாந்திருக்கேன்.”

“உக்காருங்க, உக்காருங்க. நாங்க இன்னும் கேள்வியே கேக்கல, நீங்க பரீட்ச எழுதி முடிச்சிட்டீங்களே” என்றார் தலைவி. பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். இணக்கப் பத்திரம் எழுதத் தொடங்கினார்கள். நான் மனதுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன். என் காலத்தில்கூட இவ்வளவு சுருக்காக ஒரு வழக்கு முடிந்ததில்லை.

அவர் சேலைத் தலைப்பை அவிழ்த்து ஐந்து ஆயிரம் ரூபாத் தாள்களை மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோதுதான், தங்கை கையெழுத்து செல்லாதே என்று என் பழைய புத்தி விழித்தது.

“பிள்ளை, நீர் அவவுக்கு என்ன முறை?” என்றேன்.

“எவளுக்குங்க?”

பெயரைச் சொன்னேன்.

“அது நான்தாங்கய்யா.”

“உமக்கு என்னைத் தெரியுமோ?”

“தெரியாதுங்க. நீங்க லோன் கம்பெனி பெரியவருங்களா?”

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு கேள்வியில் விஷயம் வெளிவந்தது. அந்தப் பிரிவில் அதே பெயரில் இரண்டு பேர். என் கடன்காரி மேல் லயம், இவர் கீழ் லயம். லய இலக்கம் இல்லாத கடிதம், அந்தப் பெயருக்கு முதலில் திரும்பிப் பார்த்தவர் கைக்குப் போயிருக்கிறது. சிங்களத்தில் இருந்ததைத் தோட்டத்துக் கடைக்காரர் வாசித்து, கடன் விஷயம், சனிக்கிழமை போக வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

“வாங்காத கடனுக்கு எதற்கம்மா ஆமாம் என்றீர்?” என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

“எது வாங்கினது, எது வாங்காததுன்னு எனக்கே தெரியலீங்க. எங்க லோன் குரூப்புல ஏழு பேரு. ஒருத்திக்கொருத்தி பொறுப்புன்னு என்னென்னமோ தாள்ல கையெழுத்துப் போட்டோம். ஒருத்தி கொழும்புக்குப் போயிட்டா, அவளுதையும் நாங்கதான் கட்டணும்ங்கிறாங்க. ஒரு கம்பெனி செவ்வாக்கெழம வரும், இன்னொன்னு வெள்ளிக்கெழம. கணக்குக் கேட்டா வாசல்ல நின்னு சத்தம் போடுவாங்க, லயமே வேடிக்க பாக்கும். குடுத்துடுறேன்னு சொன்னாத்தாங்க எந்திரிச்சுப் போவாங்க.”

மேசையில் இருந்த பணம், முதல் நாள் ஹட்டனில் தோட்டை அடகு வைத்து எடுத்தது. அன்றைக்கு வேலைக்குப் போகாததால் ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய கூலியும், போய்விட்டது.

பிழை என்னுடையது என்று சபையில் எழுதிக்கொடுத்தேன். அப்படி ஒன்றை என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. அடகுக் கடை மூடுவதற்குள் அவரையும் கூட்டிக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். ஒரு நாள் வைத்ததற்கு ஒரு மாத வட்டி என்றார் கடைக்காரர். விதி அதுதான், எனக்கும் தெரியும். ஒரு விதி என் சட்டைப் பையிலிருந்து செலவு வைத்தபோதுதான் அது எவ்வளவு அநியாயம் என்று புரிந்தது. அவர் கடை வாசலிலேயே ஈர்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோட்டைத் திருகிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவராகவே பேசினார். “ஐயா, மேல் லயத்துக்காரி புருசன் கால் ஒடிஞ்சு படுத்திருக்கான். பால் மாட்டையும் வித்துட்டாங்க. போனீங்கன்னா சத்தம் போட்றாதீங்க.”

போனேன், கோப்பு எதுவும் இல்லாமல். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கால் சுகமான பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கீழ் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்து, வசூலுக்கு வந்தவரிடம் இந்தப் பெண் எதில் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். ஒன்றுக்குக் காட்டினார். கொழும்புக்குப் போனவரின் கடனுக்குக் காட்டப் பத்திரம் இல்லை. அந்தத் தவணையை அதற்குப் பிறகு யாரும் இவரிடம் கேட்கவில்லை.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது அதுவல்ல. முப்பத்துநான்கு வருடங்களாக வழக்கேடுகளில் ‘பிரதிவாதி கடனை ஒப்புக்கொண்டார்’ என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று மட்டுமே ஒப்புக்கொண்டார்கள் என்பதை, நான் ஒருவரிடமும் கேட்டதில்லை.