வாசற்படியில் நாற்பது விநாடி

பக்கத்து வீட்டாருக்கு நான் எழுதிய கடிதத்தின் பிரதி இன்னும் என் கோப்பில் இருக்கிறது. மார்ச் 13, வியாழக்கிழமை. ஆங்கிலத்தில் ஒன்பது வரி. வரும் சனிக்கிழமை எங்கள் முன்கதவின் மேல் ஒரு பாதுகாப்புக் கேமரா பொருத்தப் போகிறோம், அது எங்கள் படிகளையும் கேட்டையும் மட்டுமே பார்க்கும், உங்கள் ஜன்னல் படத்தில் விழும் பகுதியைக் கறுப்பாக மறைத்துவிடுவேன், விரும்பினால் வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தேன். அவர்கள் மறுநாளே தபால்பெட்டியில் ஒரு நன்றி அட்டை போட்டார்கள். அதையும் தேதி குறித்து அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.

கடிதத்தை இப்போது வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. பார்ப்பதைப் பற்றி எல்லாம் இருக்கிறது. கேட்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கேமரா வேண்டும் என்று முடிவெடுத்தது அந்தக் கோடையில்; இங்கே நியூசிலாந்தில் கோடை டிசம்பரில் தொடங்கும். எங்கள் படியில் வைத்துவிட்டுப் போன பார்சல்கள் இரண்டு முறை காணாமல் போயின. எதிர்வீட்டுக் காரின் கண்ணாடி ஒரு நாள் உடைந்திருந்தது. தேர்ந்தெடுக்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. பேட்டரியில் ஓடுவதா, வயர் இழுப்பதா. மாதச் சந்தா கட்டி எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் படத்தைச் சேமிப்பதா, உள்ளேயே ஒரு மெமரி கார்டு போடுவதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி ஒப்பிட்டேன். மகள் போனில், "அப்பா, ஜஸ்ட் பை ஒன்!" என்றாள். கடைசியில் வயரும் மெமரி கார்டும் உள்ளதை வாங்கினேன். எங்கள் வாசலுக்கு வருகிறவர்களின் முகம் ஊர்பேர் தெரியாத இடத்துக்குப் போகக்கூடாது என்று அப்போது பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன்.

பொருத்திய அன்று ஏணியைப் பிடித்தவர் என் நண்பர். மலேசியத் தமிழர், என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் எங்களுக்கு இரண்டு தெரு கீழே இருப்பவர். ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கு அவரும் மனைவியும் நடந்தே தேநீருக்கு வருவார்கள். போன் செய்துவிட்டு வருவது கிடையாது. "போன் போட்டுட்டுப் போறது டென்டிஸ்ட்டுக்கு, அண்ணே," என்பார். அவர் மனைவி கொண்டுவரும் எவர்சில்வர் டப்பா எங்கள் வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பாது. அங்கே போகும் எங்கள் டப்பாவும் அப்படித்தான்.

கேமரா எவ்வளவு தூரத்தில் ஆளைக் கண்டுகொள்கிறது என்று சோதிக்க வேண்டியிருந்தது. நண்பர் கேட்டுக்குப் போய் நின்றார்.

"அண்ணே, திருடன் மாதிரி வரவா, விருந்தாளி மாதிரி வரவா?"

"எப்படி வந்தாலும் அது பிடிக்கும்," என்றேன்.

"அப்பத் திருடனாவே வரேன். விருந்தாளியாத்தான் பத்து வருசமா வர்றேனே, ஒருத்தரும் படம் எடுக்கல லா."

குனிந்து, கைக்குட்டையை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு, பதினொரு படியும் ஏறி வந்தார். என் மனைவியும் அவர் மனைவியும் கதவுக்குள் நின்று சிரித்தார்கள். அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை.

ஒலிப்பதிவு வேண்டுமா என்று கேமரா கேட்டது அவர்கள் போன பிறகு, மாலையில். 'ஆம்' என்று அழுத்தினேன். பார்சல்காரர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று தெரியுமே என்று நினைத்தேன். 'அடுத்த முறை இவர்களிடம் சொல்ல வேண்டும்' என்று அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. இரு வாரம் கழித்து, 'சொல்ல மறந்தேன்' என்று இருக்கிறது. அது உண்மையில்லை. மறக்கவில்லை. சொன்னால் படியேறும்போது பேச்சைக் குறைத்துக்கொள்வார்களோ என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

இந்த ஊரில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பஸ்ஸிலும் கடை வரிசையிலும் ரோட்டிலும் வீட்டு விஷயத்தைத் தமிழில் உரக்கப் பேசுவோம். காது கொடுத்தாலும் யாருக்கும் விளங்காது என்பதால் திரை போட்டதுபோல் ஒரு நிம்மதி. யாழ்ப்பாணத்தில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் நின்று நான் ஒருநாளும் பேசியிராதவற்றை ஆக்லாந்துத் தெருக்களில் சத்தமாகப் பேசியிருக்கிறேன்.

என் மனைவிக்கு முழங்கால் வலி. மணி அடித்தால் எழுந்து வந்து கதவைத் திறக்க நேரமாகும், ஆனாலும் தான்தான் திறக்க வேண்டும் என்பாள். அந்த இடைவெளியில் விருந்தாளிகள் தாழ்வாரத்துக்குக் கீழே, சரியாகக் கேமராவுக்கு அடியில் நிற்பார்கள். பிறகு அளந்து பார்த்தேன்: ஏறக்குறைய நாற்பது விநாடி.

ஜூலை 5, சனிக்கிழமை. அவர்கள் வந்துவிட்டுப் போன பிறகு, வழக்கம்போல அன்றைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடையை மடக்கியபடி நண்பரின் மனைவி கேட்கிறார்:

"இது யாரு வீடு?"

"அண்ணன் வீடும்மா. அக்கா டீ குடுப்பாங்க. அக்காவுக்கு முட்டி வலி. அதைக் கேளு, என்னா?"

"முட்டி வலி."

"ஆங். அப்புறம் பொண்ணு எப்படி இருக்கான்னு கேளு. வேற ஒன்னும் வேணாம். பேரு ஞாபகம் வரலன்னா சிரி. நீ சிரிச்சா நல்லாருக்கும்."

"சிரிக்கிறேன்."

பிறகு கதவு திறக்கும் சத்தம். "அக்கா, முட்டி எப்படி இருக்கு?"

சமையலறையில் மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னாள்: "என்ர முழங்காலை மறக்காமல் கேக்கிறது அவ ஒராள்தான்."

அதன்பின் நான் செய்ததை நியாயப்படுத்த எனக்கு வழியில்லை. ஒலியை அன்றே நிறுத்தியிருக்கலாம். நான் அடுத்த முறைக்காகக் காத்திருந்தேன். ஜூலை 19, ஆகஸ்ட் 2, 16, 30. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நண்பரின் மனைவி என்ன கேட்டார், கணவர் என்ன சொல்லிக்கொடுத்தார், உள்ளே வந்து எதைச் சரியாகச் சொன்னார், எங்கே சிரித்துச் சமாளித்தார் என்று எழுதினேன். மறதி நோய் எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டால் குடும்பத்தார் பெரும்பாலும் தடுமாறுவார்கள். தேதி வைத்திருப்பவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே உதவி அதுதான் என்று நினைத்தேன்.

தட்டச்சு செய்த தாளை மனைவியிடம் காட்டினேன். வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"இதைக் குடுக்கப் போறீங்களோ?"

"ஓம். டொக்டருக்குக் காட்ட உதவும்."

"வேண்டாம். அவையள் சொல்லேக்க சொல்லட்டும். அதுவரைக்கும் எனக்கு முழங்கால் நோகுது, அவ கேக்கிறா, நான் சொல்லுறன். அவ்வளவுதான்."

செப்டம்பர் 13 அன்று கொடுத்தேன். பெண்கள் சமையலறையில் இருந்தார்கள். நண்பரைப் பின்பக்கம் எலுமிச்சை மரத்தடிக்கு அழைத்துப்போய், "தம்பி, பிழையாக நினைக்காதீங்கோ," என்று தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தார். ஒரு பக்கம்தான். நெடுநேரம் வாசித்தார்.

"இது வாசல்ல நாங்க பேசுனது."

"ஓம்."

"அந்தக் கேமராவுக்குக் காது இருக்கா, அண்ணே?"

"ஓம்."

"ஏணிய நான்தானே பிடிச்சேன்." கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "டாக்டரைப் பார்த்து ஒன்றரை வருசம் ஆச்சு. அவுங்ககிட்ட எல்லாத் தேதியும் இருக்கு. இது எனக்கு வேணாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டினார்.

"எங்க போனாலும் அவளுக்குப் பரீட்சை வைக்கிறாங்க, அண்ணே. இன்னைக்கு என்ன கிழமை, பிரதமர் யாரு, இந்தப் படம் என்ன. பிள்ளைங்களும் கேக்கறாங்க. இந்த ஒரு வீட்லதான் அவ சும்மா வந்து டீ குடிச்சுட்டுப் போனா. இங்கயும் மார்க் போட்டுட்டீங்க."

தாளை நான்காக மடித்து என் சட்டைப்பையில் அவரே வைத்தார். உள்ளே போய், நின்றுகொண்டே தேநீரைக் குடித்து முடித்தார். அவர் மனைவி விடைபெறும்போது என் மனைவியின் கையைப் பிடித்து, "முட்டியைப் பாத்துக்குங்க அக்கா," என்றார். அதை யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. மனைவி எங்கள் டப்பாவில் பருத்தித்துறை வடை போட்டுக் கொடுத்தாள். படியிறங்கும்போது இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அது பதிவில் இருக்கிறது.

அன்று மாலையே ஒலியை நிறுத்தினேன். எவ்வளவு சுலபம் என்று பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. ஒரு முறை விரலால் தொட்டால் போதும்.

அடுத்த மூன்று முறையும் அவர்கள் வரவில்லை. நான் போன் செய்தேன். "அவளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல, அப்புறம் வரோம் அண்ணே," என்று மரியாதையாகச் சொன்னார். அக்டோபரில் ஒருநாள் நானே நடந்து போனேன். அவர் வாசலிலேயே நின்று மழையைப் பற்றிப் பேசினார், உள்ளே வரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க," என்றார். பத்து வருடத்தில் அவர் வீட்டுக்குள் போகாமல் நான் திரும்பியது அன்றுதான் முதல் தடவை.

சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கு மனைவி இப்போதும் நான்கு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, பிறகு இரண்டை எடுத்து உள்ளே வைக்கிறாள். இதுவரை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 8, சனிக்கிழமை. நாங்கள் கடைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது மேற்படியில் எங்கள் டப்பா இருந்தது. உள்ளே கறிவேப்பிலை, ஈரத்துணியில் சுற்றியது. பதிவைத் திறந்தேன். மூன்று மணி ஆறு நிமிடம். இருவரும் ஏறி வருகிறார்கள். கார் இல்லாததை அவர்கள் கீழேயே பார்த்திருக்க வேண்டும். நண்பர் மணியை அழுத்தவில்லை. டப்பாவை வைத்துவிட்டு, கேமராவைப் பார்க்காமல் திரும்புகிறார். அவர் மனைவி ஒரு படி இறங்கியவர் நின்று, கதவை நிமிர்ந்து பார்த்து, ஏதோ சொல்கிறார். நான்கைந்து சொல் இருக்கும். முகத்தில் சிரிப்பு இருக்கிறது. நண்பர் பதில் சொல்லி, முழங்கையைப் பிடித்து அழைத்துப்போகிறார்.

அந்த உதட்டசைவை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். "அக்கா முட்டி எப்படி" என்பது போலவும் இருக்கிறது. "இது யாரு வீடு" என்பது போலவும் இருக்கிறது. என் மனைவி முதலாவதுதான் என்கிறாள். அதற்குச் சான்று இல்லை. அது தெரிந்தவர் நண்பர் ஒருவரே, அவரிடம் கேட்பதென்றால், நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கேட்கவில்லை. ஆகவே நவம்பர் 8-க்கு எதிரே இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: வந்தார்கள், டப்பா திரும்பியது, நண்பரின் மனைவி சொன்னது என்ன என்பது உறுதி செய்யப்படவில்லை.