ஒன்பது மருந்துக்கு அடங்காத கட்டி

போன வருடம் எனக்கு ஒரு கட்டி வந்தது. வந்த இடம் பின்புறம், வலப் பக்கம். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே அலுவலகம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இன்னா சார், மேல வந்து சாஞ்சுகினே கீற?" என்று அதட்டினார்.

டாக்டரிடம் காட்ட வெட்கம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கினேன். "அஞ்சு நாளும் போடணும்ணா" என்றார் கடைக்காரர். இரண்டாம் நாளே வலி குறைந்ததும் நிறுத்திவிட்டேன். சளி, பல்வலி எதுவானாலும் பல வருடங்களாக அதுதான் என் வழக்கம். மிச்சத்தை பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன்.

அடுத்த வாரமே கட்டி எலுமிச்சம்பழம் அளவில் திரும்பி வந்தது. டப்பாவிலிருந்து சிவப்பில் இரண்டு, மஞ்சளில் ஒன்று என்று எடுத்து விழுங்கினேன். அது அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்னால் உட்கார முடியவில்லை. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நின்றுவிட்டேன். போதகர் நெகிழ்ந்துபோய், "ஒரு சகோதரர் நின்றுகொண்டே வசனம் கேட்கிறார்!" என்றார். உடனே சபை முழுக்க எழுந்து நின்றது. பிரசங்கம் இன்னும் அரை மணி நேரம் நீண்டது. பக்கத்தில் நின்ற என் மனைவி கிள்ளினாள். "என்னங்க, நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

டாக்டர் இளம் பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டே கட்டியைக் கீறி, சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்று நாளில் ரிப்போர்ட் வந்தது. பன்னிரண்டு மருந்துகளின் பெயர். ஒன்பதுக்கு நேரே 'ஆர்' என்று போட்டிருந்தது.

"ஒன்பது ரைட்டு!" என்றேன் மனைவியிடம், பெருமையாக.

"ஆர்-னா ரெசிஸ்டன்ட் சார்" என்றார் டாக்டர். "இந்த ஒன்பதும் உங்க கிருமிக்கு மிட்டாய் மாதிரி. ஒவ்வொரு தடவையும் மாத்திரையைப் பாதியில நிறுத்தி நீங்கதான் பழக்கி விட்டிருக்கீங்க."

"அப்போ மிச்சம் மூணு?"

"அதுவும் கேக்கலைன்னா, என்கிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

மிச்சமிருந்த மூன்றில் ஒன்றை எழுதிக்கொடுத்தார்: ஏழு நாள், காலையும் மாலையும் ஊசி. "எங்க போடுவீங்க?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"இடது பக்கம் சும்மாதானே இருக்கு?"

அந்த ஏழு நாளும் சாப்பாடு, டிவி, அலுவலக மீட்டிங் எல்லாமே நின்றபடிதான். மேனேஜர் என் சுறுசுறுப்பைப் பாராட்டினார். ஒரு ஊசிகூடத் தவறவிடவில்லை; மனைவி காலண்டரில் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். கட்டி வற்றி, புண் ஆறியது. எட்டாம் நாள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, அன்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை.