இங்கி பிங்கியில் போன சீட்

பொறாமை என்று எழுதினால் ஏதோ மரியாதையான விஷயம் மாதிரி இருக்கிறது. எங்கள் லால்குடிப் பக்கம் அதற்கு வயிற்றெரிச்சல் என்றுதான் பெயர். எனக்கு இருப்பது அதுதான். வருடக்கணக்காக இருக்கிறது, ஒரே ஒருத்தி மேல்.

அவள் ஸ்ரீரங்கத்துக்காரி. பிளஸ் டூ முடித்த பிறகு, டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்காகத் தென்னூரில் ஒரு கோச்சிங் சென்டரில் ஒரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். தாவரவியல் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போதே “இன்னொரு தடவை சொல்லுடி” என்று ஆரம்பித்துவிடுவாள். அவள் கொண்டுவரும் புளியோதரைக்காகவும் சொல்லிக்கொடுத்தேன், எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தேன். சார் வராத நாட்களில் மொத்த பேட்சும் என்னிடம்தான் சந்தேகம் கேட்கும். எனக்கு சீட் உறுதி என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

தேர்வில் வாழையைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. வாழையின் தண்டு மண்ணுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதுதான் அதன் சாரம். புத்தகத்தின்படி, மேலே மரம் மாதிரி நிற்பது தண்டே இல்லை. இலைகளின் அடிப்பாகங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. இதை நானே அவளுக்கு விளக்கியிருக்கிறேன், அதுவும் படம் போட்டு.

ஆனால் நான் தமிழில் கேள்வித்தாள் வாங்கியவள். ‘வாழையின் தண்டு’ என்று படித்ததும் எங்கள் வீட்டு அடுப்படி கண்முன் வந்துவிட்டது. தார் வெட்டிய மரத்தைச் சாய்த்து, பட்டையை உரித்து, உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று தண்டை உருவி, நாரை விரலில் சுற்றி எடுத்துப் பொரியலுக்கு நறுக்கிய கை இது. அந்தக் கை பாட்டுக்கு ‘மேலே’ என்ற பதிலின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பிவிட்டது. பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது. அடுத்த பக்கம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ரிசல்ட் வந்தபோது, ஒரு கேள்வியின் மார்க்குக்கும் குறைவான வித்தியாசத்தில் எனக்கு அரசுக் கல்லூரி சீட் போயிருந்தது. அவளுக்குக் கிடைத்துவிட்டது, அதுவும் கடைசி ஆட்களில் ஒருத்தியாக.

ஸ்வீட் பாக்ஸோடு பஸ் ஏறி லால்குடிக்கே வந்தாள். எனக்கு அந்த ஒரு கேள்விதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. வாழைக் கேள்விக்கு என்ன போட்டாய் என்று கேட்டேன்.

“அதுவா? நீ சொல்லிக்குடுத்தது அந்த நேரம் பார்த்து சுத்தமா மறந்துபோச்சுடி. இங்கி பிங்கி பாங்கி போட்டேன். கீழேங்கறது வந்து விழுந்துது.”

இங்கி பிங்கி! ஓடிப்பிடித்து விளையாடும்போது யார் முதலில் பிடிப்பது என்று பிள்ளைகள் விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுச் சொல்வார்களே, அதேதான். படித்து என்னை முந்தியிருந்தால் என் வயிறு ஆறியிருக்கும். அவள் கள்ளம் கபடம் இல்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இன்னும் எரிந்தது. அவள் போன பிறகு அந்த ஸ்வீட்டை நான் தொடவில்லை.

“இன்னொரு தடவை எழுதுறியாம்மா?” என்று அப்பா கேட்டார். மாட்டேன் என்றேன். இங்கி பிங்கியிடம் மறுபடியும் தோற்க என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. திருச்சியில் தாவரவியலே எடுத்து எம்.எஸ்சி. வரை படித்தேன். இப்போது தென்னூரிலேயே இன்னொரு கோச்சிங் சென்டரில் பாடம் எடுக்கிறேன். ஏன், எப்படி என்று குடைந்து குடைந்து கேட்கிற பிள்ளை மார்க் இல்லாமல் நிற்கிறது. விடை தெரியாவிட்டாலும் எதையாவது சட்டென்று நிரப்பிவிட்டுப் போகிற பிள்ளை சில சமயம் தப்பித்துக்கொள்கிறது. வட்டம் நிரப்புவதை வைத்து ஒரு பிள்ளையை எப்படி எடைபோட முடியும் என்று ஸ்டாஃப் ரூமில் சண்டைக்கு நிற்பேன். நியாயத்துக்காகப் பேசுகிறேன் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். பாதிதான் நியாயம், மீதி அவள்.

ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு அவள் வாட்ஸப்பில் படம் மாற்றும்போதெல்லாம் சூப்பர் என்று ஒரு ஹார்ட் அனுப்புவேன். அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

போன மாதம் அம்மாவுக்குக் காலில் புண். சுகர் இருக்கிற உடம்பு, வயலில் இறங்காதே என்று நான் கத்தாத நாள் இல்லை. அம்மா கேட்டால்தானே? கடைசியில் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். கட்டுப் போடும் இடத்தில் ஹவுஸ் சர்ஜனாக அவள் நின்றாள்.

“வாங்கோம்மா, உக்காருங்கோ” என்றாள். என் கையை ஒரு தடவை பிடித்து அழுத்திவிட்டு, தரையில் குந்தி அம்மாவின் காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்துக்கொண்டாள். சேறு காய்ந்த கால். அம்மா கூச்சப்பட்டு இழுத்துக்கொள்ளப் பார்த்தும் அவள் விடவில்லை.

“வயல்ல எறங்கறேளாம்மா?”

“களை எடுக்க ஆள் கெடைக்கலம்மா.”

“தெரியறது. ஆனா இந்தப் புண்ணுக்கு ஈரம் ஆகாது. ஆறற வரைக்கும் வரப்புலயே நின்னு பார்த்துக்கோங்கோ. எனக்காக.”

சரிம்மா, சரிம்மா என்று அம்மா தலையாட்டினாள். நான் தொண்டை வறளக் கத்தியபோது ஒரு நாளாவது இப்படித் தலையாட்டியிருப்பாளா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் கொள்ளிடம் பாலம் தாண்டியதும் அம்மா சொன்னாள்: “அந்தப் பொண்ணு எவ்வளவு பொறுமையா சொல்லுச்சு பாரு. நீ டாக்டராயிருந்தா என்னைத் திட்டியே அனுப்பியிருப்ப.”

அது என் சீட் அம்மா, என்று சொல்ல வாய் வரை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அடுத்த வாரம் கட்டு மாத்தணும்ல?” என்றாள் அம்மா. “அந்தப் பொண்ணு இருக்கற நாளாப் பாத்துக் கூட்டிட்டுப் போ.”

லால்குடி வருவதற்குள் அவளுக்கு மெசேஜ் போட்டேன், எந்தெந்த நாள் டூட்டி என்று.