பூசைக்கு மறுநாள் எழுந்திருக்காத கம்ப்யூட்டர்

எங்கள் மலையில் ஆயுத பூசை என்றால் அரிவாள், முறம், கலப்பை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்போம். மகளிர் குழுவாகச் சேர்ந்து சாமை அரைக்கக் கொட்டகை போட்ட பிறகு அரவை மிஷினும் கம்ப்யூட்டரும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டன. குழுவுக்குத் தலைவி நான். கையெழுத்துப் போடுவேன், பஸ் பலகை படிப்பேன், அதற்கு மேல் படிப்பு கிடையாது. ஆனால் பூசையில் குறை வைக்க விடமாட்டேன்.

கம்ப்யூட்டர் பெட்டிமேல் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்றாள் அதில் பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்கிற பெண். என் நாத்தனார் ஒப்பவில்லை.

"உள்ள ரெண்டு டிஸ்க்கு கீதுன்னு நீதானே சொன்ன. மாட்ட வுட்டுட்டு கொட்டாய்க்கு மட்டும் பொட்டு வெப்பாங்களா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பெட்டியைத் திறந்து, ஒயரைக் கழற்றி, இரண்டையும் வெளியே எடுத்துத் தூசி தட்டினோம். ஒன்று கம்ப்யூட்டரை எழுப்பிவிடுவது; மற்றொன்றில் எங்கள் லேபிள் படங்கள் இருந்தன. சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி மாட்டினோம். பூசை போட்ட பொருளை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது. அணைத்துப் போட்டாலும் அதே எழுத்துதான். சாயங்காலம் போளூர் வண்டி வருகிறது. எங்கள் சாமை முதல்முறையாக எங்கள் பெயர் போட்ட பாக்கெட்டில் கீழே இறங்கவேண்டிய நாள். லேபிள் இல்லாவிட்டால் வழக்கம்போல வெறும் மூட்டையாகப் போகும். கடைக்காரர் தன் பெயரை ஒட்டி விற்பார்.

ஒடுகத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் என் மருமகன். கொட்டகையில் செல்போனுக்கு டவர் எடுக்காது, மேலே பாறைக்குப் போகவேண்டும். திரையைப் போட்டோ பிடித்துக்கொண்டு நான் பாறை ஏறினேன். நாத்தனார் பாதி வழியில் நின்றாள், லேபிள் பெண் பெட்டியருகே. காட்டுப்பன்றி விரட்டப் பரணுக்குப் பரண் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை எங்களுடையது, அதனால் தூரம் ஒரு பொருட்டில்லை. போட்டோவை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"மாப்ளே, பொட்டி எழுந்துக்க மாட்டேங்குது."

"போட்டோ பாத்தேன் அத்த. டிஸ்க்க காணோம்னு சொல்லுது. யாராச்சும் உள்ள கைய வெச்சீங்களா?"

"கைய வெக்கல. பொட்டு வெச்சோம்."

அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. மாமியாரிடம் சிரிக்கலாமா?

"ஒயர எடம் மாத்தி சொருகிட்டீங்க போல அத்த. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதுக்குன்னு ஒரு நம்பரு கீது. அத வெச்சுத் தேடுனா எங்க குந்தியிருந்தாலும் கண்டுபுடிச்சிடும். உங்க பொட்டி எடத்த வெச்சுத் தேடுது. ஊர்க்கவுண்டர் எலையில வேற ஆளு குந்திகினா பரிமாற வந்தவன் முழிப்பான்ல, அதுமாதிரி."

"இப்ப இன்னா பண்றது?"

"கரண்ட்ட நிறுத்திட்டு ரெண்டு ஒயரையும் மாத்தி சொருகச் சொல்லுங்க. நம்பரப் பாத்துத் தேடுற மாதிரி நான் வந்து மாத்தித் தர்றேன்."

நான் கீழே குரல் கொடுத்தேன். அது நாத்தனாரைத் தாண்டவில்லை.

"பூசை போட்டத மறுநாளே பிரிக்கணுமா? கீழ்நாட்டு மருமவனுக்கு இன்னா தெரியும்?"

"சாமி கோவிச்சிக்கினா என் மேல கோவிச்சிக்கட்டும். நீ சொல்லு அவகிட்ட."

முணுமுணுத்துக்கொண்டுதான் கத்தினாள். கொட்டகையிலிருந்து பதில் வரும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, மருமகனும் வைக்கவில்லை. பிறகு கீழேயிருந்து குரல் ஏறி வந்தது. "வந்துட்ச்சாம் அண்ணி, படமெல்லாம் வந்துட்ச்சாம்."

"சரிங்க மாப்ளே, சாப்புட்டீங்களா?" என்று அப்போதுதான் கேட்டேன்.

லேபிள் பெண் அடிக்க அடிக்க நாங்கள் ஒட்டினோம். வண்டி வந்தபோது பாக்கெட்டுகள் அடுக்கித் தயாராக இருந்தன. டிரைவர் ஒன்றைக் கையில் எடுத்து எங்கள் குழுவின் பெயரையும் ஊரின் பெயரையும் வாய்விட்டுப் படித்தார். நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.