லண்டனில் இருந்து வந்த முன்விளக்குகள்

பிரெஞ்சு பேசும் இந்த லாசாலில், வீட்டுக் கராஜில் நானே பாகம் பாகமாகப் பூட்டிய கார் அது. முன்விளக்குகளை லண்டனிலிருந்து மச்சான் அனுப்பியிருந்தான். லண்டன் சாமான் என்றால் நம்மவர்கள் கேள்வி கேட்பதில்லையே!

றோட்டில் ஓட்ட அனுமதி எடுக்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோன அன்று பின்னேரமே இருட்டிப் பனி கொட்டியது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் லைட் அடித்தார்கள்.

"எங்கட காரைப் பாத்து ஆசைப்படுகினம்" என்று கையசைத்தேன்.

"கையைக் காட்டாம றோட்டைப் பாருங்கோ" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

அதற்குள் ஒரு வேன் நேரே எங்களை நோக்கித் திரும்பியது. பிரேக்கை மிதித்தேன், கார் நிற்காமல் வழுக்கியது. "முருகா!" என்று அவள் அலறினாள். வேன் எங்கள் பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு பனிமேட்டில் ஏறி நின்றது. ஓட்டி வந்த பெண் கண்ணைப் பொத்தியபடி பிரெஞ்சில் அழுதாள். வேனின் பின்சீட்டில் அவளுடைய குழந்தை.

"ஒண்டுமே தெரியேல்லையாம். எங்கட லைட்தானாம்" என்றாள் மனைவி.

இங்கிலாந்தில் வாகனங்கள் இடதுபக்கம் ஓடும். அந்த விளக்கும் இடப்பக்கம்தான் உயர்த்தி அடிக்கும். இங்கே வாகனங்கள் வலதுபக்கம் ஓடும்; இடப்பக்கம் எதிரே வருபவர்களின் கண். சட்டப்படி இங்கே பூட்டவே கூடாத விளக்கு.

இப்போது கண்ணாடியில் இந்த நாட்டு அனுமதி முத்திரை இல்லாத விளக்கை நான் தொடுவதில்லை. எதிரே யாராவது லைட் அடித்தால், கார் ஓரமாக நின்றுவிடும். கையசைப்பதில்லை; இறங்கிப் போய் என் லைட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.