அய்யா மடியில் கேபினெட்

இன்று ராமநாதபுரத்தில் என் கம்ப்யூட்டருக்குச் சாமான் வாங்கினேன். காலேஜ் புராஜெக்டுக்கு என்று சொல்லித்தான் எங்கள் அய்யாவைக் கூட்டிப்போயிருந்தேன்.

கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. "நானூறு வாட் பவர் சப்ளை போதும்ணே" என்று அய்யாவிடமே சொன்னார்.

"இந்த கிராபிக்ஸ் கார்டுக்குப் பத்தாது. அறுநூறு வேணும்" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். கார்டு பெட்டியைத் திருப்பி, அதில் அச்சிட்டிருந்ததைக் காட்டினேன். உள்ளே போய் அறுநூறை எடுத்துவந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அய்யா, கம்ப்யூட்டர் கேபினெட் இருந்த பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை.

"இம்புட்டுப் பெரிய பெட்டி, டிவியாண்ணே?" என்றார் கண்டக்டர்.

"கம்ப்யூட்டரு. கடைக்காரனுக்கே எம்மக பாடம் எடுத்துல்ல வாங்கியாந்திருக்கா!"

"படிப்புக்கா?"

"விளையாடத்தான்" என்றார் அய்யா, அதே பெருமையோடு.

இனி இந்த மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? நீங்களே சொல்லுங்கள்.